இரண்டு லிட்டர் அனுமதி: வேலூருக்கு எந்த சிங்கிள் மால்ட்?

சித்தப்பா மகன் துபாய் விமான நிலையத்திலிருந்து அழைத்தபோது இரவு பதினொரு மணி. "அண்ணா, கடைக்குள் நிற்கிறேன். இரண்டு லிட்டர்தான் அனுமதி. சிங்கிள் மால்ட் வாங்கலாம் என்று இருக்கிறேன். எதை எடுக்கட்டும்?" என்றான். வெளிநாட்டிலிருந்து வந்து இறங்கும் பயணி சுங்க வரி கட்டாமல் இரண்டு லிட்டர் மது கொண்டுவரலாம் என்பது நம் நாட்டு விதி. அந்தக் கடைகளில் பல பாட்டில்கள் ஒரு லிட்டர் அளவில் இருக்கும். ஆக, இரண்டே இரண்டு பாட்டில். எதிரே அலமாரி நிறையப் பெயர்கள். அவசரத்தில் இரண்டு பெயர்களைச் சொன்னேன். காரணம் சொல்ல நேரமில்லை. அந்தக் காரணங்களை இங்கே நிதானமாக எழுதுகிறேன். காட்பாடியிலோ குடியாத்தத்திலோ ஆம்பூரிலோ இதே கேள்வியோடு இருப்பவருக்கு உதவும்.

முப்பது ஆண்டுகள் ராணிப்பேட்டையில் தோல் தொழிலில் இருந்தவன் நான். தோலைக் கையில் எடுப்பதற்கு முன்பே அது எப்படிப் பதனிடப்பட்டது என்பதை மூக்கு சொல்லிவிடும். முதல் சிங்கிள் மால்டை எனக்கு ஊற்றிக் கொடுத்தவரும் தோல் வாங்க வந்த ஒரு வெளிநாட்டுக்காரர்தான். அன்றிலிருந்து இன்றுவரை நான் பிடித்துக்கொண்டிருக்கும் ஒரே கொள்கை இதுதான்: நமக்கு ஏற்கெனவே தெரிந்த வாசனையிலிருந்து தேர்வைத் தொடங்க வேண்டும். பாட்டிலோடு வரும் குறிப்புகளில் ஹெதர் பூ என்றும் கிறிஸ்துமஸ் புட்டிங் என்றும் எழுதியிருக்கும். ஹெதர் பூவை நான் முகர்ந்ததில்லை. வெல்லப்பாகு, கடுக்காய், கருவாடு, கரும்புச் சக்கைப் புகை ஆகியவற்றை இருட்டிலும் அடையாளம் சொல்வேன். வேலூர்க்காரர் எவரும் சொல்வார்.

சிங்கிள் மால்ட் என்பது முளைகட்டிய பார்லியை மட்டும் கொண்டு, ஒரே வடிசாலையில், செம்புப் பானைகளில் காய்ச்சி வடித்த விஸ்கி. 'சிங்கிள்' என்பது ஒரே வடிசாலையைக் குறிக்கிறது. ஒரே பீப்பாய் என்று பலர் நினைத்திருக்கிறார்கள், அது தவறு. ஸ்காட்லாந்துச் சட்டப்படி அது அந்த நாட்டிலேயே, 700 லிட்டருக்கு மேற்படாத ஓக் மரப் பீப்பாயில், குறைந்தது மூன்று ஆண்டுகள் கிடக்க வேண்டும். ஆல்கஹால் 40 சதவீதத்துக்குக் குறையக் கூடாது. தண்ணீரையும், நிறத்துக்காகச் சர்க்கரையைக் கருக்கி எடுத்த சாயத்தையும் தவிர வேறெதுவும் சேர்க்கக் கூடாது. அந்தச் சாயத்துக்கு அனுமதி இருப்பதால் நிறத்தைப் பார்த்து எதையும் முடிவு செய்யாதீர்கள். லேபிளில் 12 என்று இருந்தால், உள்ளே கலந்திருப்பவற்றில் மிக இளையதற்கு வயது 12 என்று பொருள். நம் நாட்டில் விலை குறைந்த விஸ்கிகள் பலவும் கரும்பாலை மொலாசஸிலிருந்து எடுத்த சாராயத்தை அடிப்படையாகக் கொண்டவை. அவற்றின் விலையுயர்ந்த அண்ணன் என்று சிங்கிள் மால்டை எண்ணக் கூடாது, குலமே வேறு.

வளைகுடாவிலிருந்து வருபவர்கள் வழக்கமாக எடுத்துவருவது ஜானி வாக்கர் பிளாக் லேபிள், இல்லாவிட்டால் சிவாஸ் ரீகல். இரண்டும் கலவை விஸ்கிகள். பல வடிசாலைகளின் மால்ட்டோடு, கோதுமை, சோளம் போன்றவற்றிலிருந்து வடிக்கும் தானிய விஸ்கியையும் சேர்த்தவை. அவற்றை நான் குறைத்துப் பேச மாட்டேன். மொட்டைமாடியில் ஐந்தாறு பேர் சோடா ஊற்றிக் குடிக்கும் கூட்டத்துக்கு பிளாக் லேபிள்தான் சரி. அந்தக் கூட்டத்தில் சிங்கிள் மால்டைத் திறப்பது பாட்டிலுக்கும் நல்லதில்லை, வந்தவர்களுக்கும் நல்லதில்லை.

அடுத்து, எல்லோருக்கும் பெயர் தெரிந்த, ஸ்காட்லாந்தின் ஸ்பேசைடு வட்டாரத்து மால்ட்டுகள். கிளென்லிவெட்டின் ஜார்ஜ் ஸ்மித் 1824-இல் உரிமம் பெற்று வடிக்கத் தொடங்கினார். கிளென்ஃபிடிக்கை வில்லியம் கிராண்ட் 1886-இல் கட்டத் தொடங்கினார்; மறு ஆண்டு கிறிஸ்துமஸ் அன்று முதல் சொட்டு வந்தது. 1963-இல் சிங்கிள் மால்டை முனைந்து வெளிநாட்டுச் சந்தைக்குக் கொண்டுபோனதும் அவர்கள்தான். பேரிக்காய், ஆப்பிள், தேன், கொஞ்சம் வெனிலா. முதல் முறை குடிப்பவரை இவை அச்சுறுத்தா. மாமனாருக்குப் பரிசு கொடுக்கவும் ஏற்றவை. என் தயக்கம் இரண்டு. இவற்றின் 12 ஆண்டு வகைகள் 40 சதவீதத்தில் வருகின்றன. நம் ஊர் வெயில் காலத்தில் ஒரு ஐஸ் கட்டி போட்டால் பாதியில் வெறும் இனிப்புத் தண்ணீராகிவிடும். மேலும், இந்தியாவில் சற்றுத் தேடினால் கிடைப்பவையும் இவைதான். அரிதாகக் கிடைக்கும் இரண்டு லிட்டர் அனுமதியை இதற்குச் செலவிட வேண்டாம்.

ஷெர்ரி பீப்பாய் மால்ட்டுகளைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். இங்கே என் தொழிலும் குறுக்கே வருகிறது. குரோம் உப்பு வருவதற்கு முன்னால் நம் பக்கத்தில் தோலைப் பதனிட்டவை ஆவாரம்பட்டையும் கடுக்காயும். குழியில் ஊறும் அந்த நீரை விரலால் தொட்டு நாக்கில் வைத்தால் வாய் சுருங்கும். அந்தத் துவர்ப்புதான் தோலை அழுகாமல் காக்கிறது. அதே குடும்பத்துத் துவர்ப்பு ஓக் மரத்திலும் உண்டு. டானின் என்ற பெயரே தோல் பதனிடும் தொழிலிலிருந்து பிறந்ததுதான். வடித்தவுடன் தண்ணீர்போல நிறமற்று இருக்கும் சாராயம், ஆண்டுக்கணக்கில் மரத்தோடு கிடந்து நிறத்தையும் துவர்ப்பையும் இனிப்பையும் வாங்கிக்கொள்கிறது. அமெரிக்க ஓக் வெனிலாவையும் தேங்காய் மணத்தையும் கொடுக்கும். ஐரோப்பிய ஓக்கில் டானின் தூக்கல்.

ஷெர்ரி என்பது ஸ்பெயினின் தெற்கே ஹெரெஸ் நகரைச் சுற்றி உருவாகும் ஒயின். அதில் பெத்ரோ ஹிமெனெஸ் என்ற வகைக்குத் திராட்சையை வெயிலில் வற்றவைத்துப் பிழிவார்கள், ஏறக்குறைய பாகு. ஒரு காலத்தில் ஷெர்ரி பீப்பாயிலேயே பிரிட்டனுக்குக் கப்பலேறியது. காலிப் பீப்பாய்களை விஸ்கிக்காரர்கள் வாங்கிக்கொண்டார்கள். 1980-களில் ஸ்பெயினிலேயே பாட்டிலில் அடைத்தாக வேண்டும் என்று ஆன பிறகு அந்த வரத்து நின்றது. இப்போது விஸ்கிக்காகவே பீப்பாய் செய்து, அதில் ஷெர்ரியை ஊற்றிப் பல மாதங்கள் பழக்கி அனுப்புகிறார்கள். இந்த வகையின் விலைக்கு அதுவும் ஒரு காரணம்.

கிளென்டிரோனக் 12 இந்த வகைக்கு நல்ல வாசல். 43 சதவீதம். கிளாஸை மூக்கருகே கொண்டுபோனால் உலர்திராட்சை, பேரீச்சை, அடுத்து வேலூரில் வெல்ல மூட்டைகள் அடுக்கிய மண்டிக்குள் நுழையும்போது முகத்தில் படும் அந்தக் கனத்த இனிப்பு. விழுங்கிய பிறகு நாக்கின் ஓரங்களில் கடுக்காய் வந்து நிற்கும். முதல் முறை அதை உணர்ந்தபோது ஊறல் குழிகளுக்கு நடுவே நிற்பதுபோல் இருந்தது எனக்கு. மக்காலன் 12-க்கும் இந்தக் குணம் உண்டு, ஆனால் பெயருக்கும் சேர்த்து விலை கொடுக்க வேண்டும். கிளென்ஃபார்க்ளஸ் 15 கிடைத்தால் யோசிக்காமல் எடுக்கலாம். 46 சதவீதம், சற்றே முரட்டுத் தேகம். ஆர்க்காட்டு மக்கன் பேடாவை இதோடு சாப்பிட்டுப் பார்த்தேன். பேடாவின் பாகு விஸ்கியின் இனிப்பை முழுக்க அடித்துவிட்டது, துவர்ப்பு மட்டும் மிஞ்சியது. உப்புப் போட்டு வறுத்த முந்திரியே பொருத்தம்.

புகை மால்ட்டுகளுக்கு வருவோம். ஈரநிலத்தில் பல ஆயிரம் ஆண்டுகளாக மட்கிப் படிந்த செடிகொடிகளுக்கு பீட் என்று பெயர். வெட்டிக் காயவைத்தால் விறகுபோல் எரியும். முளைத்த பார்லியை உலர்த்தும் அடுப்பில் அதை எரித்தால் புகையிலுள்ள பினால்கள் தானியத்தில் ஏறிவிடும். லாஃப்ரோய்க் மால்ட்டில் அவை பத்து லட்சத்தில் 40 முதல் 45 பங்கு, ஆர்ட்பெக்கில் 55 அளவில். இது தானியத்தில் அளந்த கணக்கு. பாட்டிலுக்கு வரும்போது மிகவும் குறைந்திருக்கும். இரண்டும் 1815-இல் ஸ்காட்லாந்தின் ஐலா தீவில் தொடங்கியவை, பக்கத்துக் கரையிலேயே லாகவுலின், 1816.

இந்த வாசனை நமக்கு அந்நியம் என்று சொல்பவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. அணைக்கட்டுப் பக்கம் கரும்பு வெட்டும் காலத்தில் வெல்லம் காய்ச்சும் கொட்டகை அருகே நின்றிருக்கிறீர்களா? சக்கை எரியும் புகையும் கொப்பரையின் இனிப்பும் ஒன்றாக வருமே, லாகவுலின் 16 ஏறக்குறைய அதுதான். லாஃப்ரோய்க் வேறு மாதிரி. அதில் டிங்சர் அயோடின் நெடி அடிக்கும். மருத்துவமனையைச் சுற்றி வளர்ந்த ஊர் நம்முடையது. அந்த நெடியைத் தெரியாதவர் யார்? நான் மூடியைத் திறந்த அன்று சமையலறையிலிருந்து என் மனைவி, "யாருக்குக் காயம்?" என்று கேட்டுக்கொண்டே வந்தார். அமெரிக்காவில் 1920 முதல் 1933 வரை மதுவிலக்கு இருந்தபோது இது மருந்து என்ற பெயரில் அங்கே இறக்குமதியானது. நம் வடஆர்க்காட்டுக்கு மதுவிலக்கு வந்தது 1939-இல். சேலத்தில் ராஜாஜி தொடங்கி வைத்த இரண்டாவது ஆண்டு.

ஆனால் ஐலாவை முதல் பாட்டிலாக எடுக்கச் சொல்ல மாட்டேன். பிடிக்காமல் போனால் ஒரு லிட்டரும் அலமாரியிலேயே கிடக்கும். ஸ்கை தீவின் டாலிஸ்கர் 10-ஐ எடுக்கலாம். 45.8 சதவீதம். புகை இருக்கிறது, ஆனால் பின்வரிசையில். முன்னால் கடல் உப்பு, கடைசியில் தொண்டையில் மிளகு. மிளகு ரசத்தில் வளர்ந்த நாக்குக்கு அந்த முடிவு உடனே பிடிபடும்.

கடைசியாக இந்திய மால்ட்டுகள். இதில் எனக்குப் பாசமும் உண்டு, ஆனால் பாசத்தால் மட்டும் பரிந்துரைக்கவில்லை. பீப்பாயில் கிடக்கும் விஸ்கி ஆண்டுதோறும் கொஞ்சம் ஆவியாகிப் போகும். தேவதைகளின் பங்கு என்று அதற்குப் பெயர். ஸ்காட்லாந்தின் குளிரில் அது ஆண்டுக்கு ஏறக்குறைய 2 சதவீதம். பெங்களூரில் 10 சதவீதத்துக்கு மேல். கணக்குப் போட்டுப் பாருங்கள். 100 லிட்டர் ஊற்றினால் ஸ்காட்லாந்தில் 12 ஆண்டுகள் கழித்து 78 லிட்டர் இருக்கும். ஆண்டுக்கு 10 சதவீதம் போகும் ஊரில் 12 ஆண்டில் 28 லிட்டர்தான் மிஞ்சும். ஐந்தாவது ஆண்டில் நிறுத்தினால் 59. வெப்பம் ஆவியை மட்டும் பறிப்பதில்லை, மரத்துக்கும் சாராயத்துக்கும் நடக்கும் கொடுக்கல் வாங்கலையும் விரைவுபடுத்துகிறது. வேலூர் வெயிலில் ஊறுகாய் எத்தனை நாளில் ஊறிவிடும் என்பது நம் வீட்டுப் பெண்களுக்குத் தெரியும். அதே தர்க்கம்தான். ஆகவே இந்திய பாட்டிலில் வயது எண் இல்லை என்பதைக் குறையாகப் பார்க்க வேண்டாம். அங்கே 12 என்பது சொல்லும் செய்தி வேறு, இங்கே ஐந்து என்பது சொல்லும் செய்தி வேறு.

பெங்களூரின் அம்ருத் 1948-இல் தொடங்கிய நிறுவனம். தன் சிங்கிள் மால்டை 2004-இல் முதலில் ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோவிலேயே கொண்டுபோய் விற்பனைக்கு வைத்தது. அந்தத் துணிவை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மகிழ்ச்சியாக இருக்கும். அதன் ஃபியூஷன், இந்திய பார்லியோடு ஸ்காட்லாந்தின் புகையேற்றிய பார்லியையும் சேர்த்தது, 50 சதவீதம். விஸ்கி விமர்சகர் ஜிம் மர்ரே தன் 2010 கையேட்டில் அதற்கு 97 புள்ளிகள் கொடுத்து உலகின் மூன்றாவது சிறந்த விஸ்கி என்று எழுதினார். கோவாவின் பால் ஜான் 2012-இல் வந்தது. பிரில்லியன்ஸில் புகை இல்லை, எடிட்டெட்டில் கொஞ்சம், போல்டில் நிறைய. மூன்றும் 46 சதவீதம். படிப்படியாகப் புகைக்குப் பழக விரும்புபவருக்கு இதைவிட நல்ல வரிசை இல்லை. ஹரியானாவின் இந்திரி 2021-இல் வந்தது. போர்பன் என்ற அமெரிக்க விஸ்கி, பிரெஞ்சு ஒயின், பெத்ரோ ஹிமெனெஸ் ஷெர்ரி ஆகியவை இருந்த மூன்று வகைப் பீப்பாய்களில் முதிர்ந்தது, 46 சதவீதம். இனிப்பு சற்றுக் கூடுதல் என்பது என் எண்ணம். புதிதாகத் தொடங்குபவர்களுக்கு அதுவே பிடிக்கிறது.

நம் ஊர் டாஸ்மாக் கடையில் நினைத்த பாட்டில் நினைத்த நாளில் கிடைப்பதில்லை. சென்னையின் பெரிய எலைட் கடைகளில் வாய்ப்பு அதிகம். பெங்களூர் நெடுஞ்சாலையில் நாலு மணி நேரம், சித்தூர் ஒரு மணி நேரம்கூட இல்லை என்று சிலருக்குத் தோன்றும். வேண்டாம். பிற மாநிலச் சரக்கை அனுமதியின்றிக் கொண்டுவருவது மதுவிலக்குச் சட்டப்படி குற்றம். கிறிஸ்டியான்பேட்டை சோதனைச் சாவடியில் வண்டியோடு நிற்க நேரிடும். விலை பற்றியும் ஒரு சொல். ஸ்காட்ச் மீது 150 சதவீத இறக்குமதி வரி இருந்து வந்தது. பிரிட்டனோடு 2025 ஜூலையில் கையெழுத்தான ஒப்பந்தம் அதை முதலில் 75 ஆகவும் பத்தாம் ஆண்டில் 40 ஆகவும் குறைக்க வகை செய்கிறது. வரிக்கு மேல் மாநில வரியும் உண்டு என்பதால் விமான நிலையத்து விலையை இங்கே எதிர்பார்க்க முடியாது.

எதை வாங்கினாலும் வேலூரில் அதை வைத்துக்கொள்ளும் விதம் தனி. ஒரு மே மாதம், அக்கினி நட்சத்திரத்தின் நடுவில், மேல்மாடி அறையில் வைத்திருந்த பாட்டிலைத் திறந்தேன். தக்கை வறண்டு சுருங்கியிருந்தது. திருகியதும் மரமூடி மட்டும் கையோடு வந்தது, தக்கையின் கீழ்ப்பாதி கழுத்திலேயே நின்றுவிட்டது. கத்தி முனையால் நெம்பியதில் அது துண்டு துண்டாக உள்ளே விழுந்தது. பழைய வேட்டித் துணியைத் துவைத்து அலசி நாலாக மடித்து, புனலில் வைத்து, விஸ்கியை வேறு பாட்டிலுக்கு வடிகட்டினேன். அன்றிலிருந்து பாட்டில்கள் கீழ்த்தளத்தில், வெளிச்சம் படாத அலமாரியின் அடித்தட்டில் இருக்கின்றன. ஒயின்போல் படுக்கவைக்கக் கூடாது, வலுவான ஆல்கஹால் தக்கையை அரித்துவிடும். நிமிர்த்தியே வைத்து, மாதம் ஒருமுறை கவிழ்த்துத் தக்கையை நனைத்தால் போதும். கால் பாட்டிலுக்குக் குறைந்தால் சிறிய பாட்டிலுக்கு மாற்றிவிடுங்கள். காற்று அதிகமானால் முதலில் போவது புகை மணம்.

டீக்கடைக் கிளாஸ்போல வாய் விரிந்தது உதவாது. வயிறு பெருத்து வாய் குறுகிய கிளாஸ் வேண்டும். 30 மில்லி ஊற்றுங்கள். முதலில் வாயைச் சற்றுத் திறந்துகொண்டு முகர்ந்து பாருங்கள், நெடி குறையும். பிறகு ஒரு தேக்கரண்டித் தண்ணீர். தண்ணீர் கலப்பது குற்றம் என்று ஒரு பேச்சு உண்டு. புகை மணத்துக்குக் காரணமான குவாயகால் மூலக்கூறுகள் தண்ணீர் சேரும்போது மேற்பரப்புக்கு நகர்கின்றன என்று 2017-இல் சுவீடன் ஆய்வாளர்கள் கணினிக் கணக்கில் காட்டினார்கள். என் மூக்கும் அதைத்தான் சொல்கிறது. மே மாதத்தில் ஒரு ஐஸ் கட்டி போட்டுக்கொள்வதில் தவறே இல்லை. அதற்காகத்தான் 40-ஐவிடக் கூடிய சதவீதத்தை வற்புறுத்துகிறேன். ஐஸ் பட்டதும் விஸ்கி கலங்கினால் பயப்பட வேண்டாம், குளிரவைத்து வடிகட்டாமல் அடைத்த பாட்டிலில் அது இயல்பு.

ஆம்பூர் பிரியாணியும் கத்திரிக்காயும் சாப்பிடும் நாளில் சிங்கிள் மால்டைத் திறக்காதீர்கள். மிளகாய்க் காரமும் ஆல்கஹாலும் ஒரே எரிச்சல் நரம்பைத் தட்டுகின்றன. இரண்டின் ருசியும் கெடும். அளவிலும் கண்டிப்பு வேண்டும். ஒரு மாலைக்கு எனக்கு 30 மில்லி, விசேஷ நாளில் இன்னொரு 30. அதோடு வண்டிச் சாவியைத் தொடுவதில்லை. குடியால் குடும்பங்கள் சிதைந்ததைத் தெருவுக்குத் தெரு பார்த்த ஊரில் இருக்கிறோம். ஈரலுக்கு பாட்டிலின் விலை தெரியாது. மாநிலச் சட்டப்படி 21 வயது நிரம்பாதவருக்கு இது கிடையவும் கிடையாது.

அன்று இரவு தம்பிக்கு நான் சொன்ன பெயர்கள் டாலிஸ்கர் 10, கிளென்டிரோனக் 12. இரண்டாவது அங்கே இல்லை என்றான். அப்படியானால் விமான நிலையத்துக்கென்றே தயாரித்த பளபளப்பான பெட்டிகளை விட்டுவிட்டு, லேபிளில் ஷெர்ரி பீப்பாய் என்ற சொல்லும் 43-க்குக் குறையாத எண்ணும் இருக்கும் ஒன்றை எடுக்கச் சொன்னேன். எடுத்து வந்தான்.

அடுத்த ஞாயிறு சாத்துவாச்சாரி வீட்டில் அந்த இரண்டையும், என்னிடமிருந்த அம்ருத் ஃபியூஷனையும், லேபிள் காட்டாமல் மூன்று கிளாஸில் ஊற்றிச் சித்தப்பாவிடம் கொடுத்தேன். எழுபதைக் கடந்தவர், வாழ்நாளெல்லாம் பிராந்தி தவிர வேறு தொடாதவர். டாலிஸ்கரை முகர்ந்து, "கொட்டகைப் புகை" என்றார். ஷெர்ரி மால்டைக் குடித்து நாக்கைச் சப்புக்கொட்டி, "கடுக்காய் இருக்கிறது" என்றார். மூன்றாவதை ஒன்றும் சொல்லாமல் முடித்துவிட்டு, கிளாஸை மறுபடி என் பக்கம் நகர்த்தினார். பெங்களூர்ச் சரக்கு என்று சொன்னதும் மகனைத் திரும்பிப் பார்த்து, "இதற்கு எதற்கடா துபாய்?" என்று கேட்டார்.

பொங்கலுக்குத் தம்பி மீண்டும் வருகிறான். இரண்டு லிட்டரில் ஒன்று லாகவுலின், இன்னொன்று கிளென்ஃபார்க்ளஸ் 15 என்று எழுதி அனுப்பியிருக்கிறேன். சித்தப்பாவுக்கான ஃபியூஷனைச் சென்னைக்குப் போகும்போது நானே வாங்கிவிடுவேன்.